மலாக்காவில் முளைத்த பெருநிறுவனம்



மலாக்கா மாநிலத்தில், ஜாசின் பட்டணத்திலிருந்து ஆசகான் பக்கம் பயணம் செய்வோர் சாலையோரம் பெரும்பாலும் செம்பனையையே காண்பர். நம் பெற்றோர் காலத்தில் அந்நிலத்தில் நின்றது பால்மரம். அதற்கு முன்னே மரவள்ளி. மண் ஒன்றுதான், பயிர் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் ஓர் அறையில் அமர்ந்து, இதுவரை சோறு போட்ட பயிரை விட்டு வேறொன்றுக்குப் போவோம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

நெடுநாள் நிலைத்துவிட்ட பெரிய நிறுவனங்கள் காலத்துக்கேற்ப விரைந்து மாற இயலுமா, அவற்றுக்குத் தலைமை தாங்குவோரிடம் என்ன இருக்க வேண்டும் என்னும் வினாக்கள் இந்நாளில் வணிகவியல் வகுப்புகளில் பெரிதும் பேசப்படுகின்றன. அமெரிக்க நிறுவனங்களையும் ஜப்பானிய நிறுவனங்களையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். நாம் வணிகவியல் கற்றவர் அல்லோம். தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுப்பவர். ஆயினும் இவ்வினாக்களை ஆராய அவ்வளவு தொலைவு செல்லத் தேவையில்லை என்பது நம் கருத்து. மலாக்கா நிலத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம்.

ஏறத்தாழ நூற்றிருபது, நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் சீன முதலாளிகள் பரந்த அளவில் மரவள்ளி பயிரிட்டு வந்தனர். மரவள்ளி மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் பயிர். சில அறுவடைகளுக்குப் பின் அந்நிலத்தில் லாலாங் புல்தான் மண்டும். முதலாளி வேறு காட்டை அழிக்கப் போவார். அதே காலத்தில் சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் ஐரோப்பியத் துரைமார் காப்பி பயிரிட்டுக் கொண்டிருந்தனர். அவர்களுள் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். இலங்கையில் இலைநோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்ததைத் தம் கண்ணால் பார்த்தவர்கள்.

இரப்பர் அப்போது இந்நாட்டுக்குப் புதிய மரம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து இரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். இன்றுவரை நம் மக்கள் உளி பிடிக்கும் முறைக்கு அதுவே அடிப்படை. ரிட்லி சட்டைப்பையில் விதைகளைப் போட்டுக்கொண்டு, காணும் துரைமாரிடமெல்லாம் நடுங்கள், நடுங்கள் என்று சொல்லித் திரிந்தாராம். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பைத்தியக்கார ரிட்லி'. (அந்தப் பைத்தியக்காரர் நூறு வயதுவரை வாழ்ந்து 1956இல்தான் காலமானார். தம்மை நகைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரப்பர் டயர் மாட்டிய வண்டியில் போவதையும் பார்த்துவிட்டே போனார்.)

துரைமார் ஏன் மறுத்தனர்? அறிவில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. காப்பிச் செடி ஏற்கெனவே மண்ணில் இருந்தது; அதற்கென வாங்கிய கடன் இருந்தது; காப்பி தெரிந்த கிராணியும் ஆட்களும் இருந்தனர். இரப்பர் மரமோ நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கழித்தே வெட்டுக்கு வரும். அதுவரை ஒரு காசு வரவில்லை. ஏழாண்டு கழித்து விலை என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. தன் கையிலுள்ள தொழில் நன்றாக நடக்கும்போது அதை விட்டு இன்னொன்றைத் தொட எவருக்கும் மனம் வராது. தொழில் கெட்ட பிறகோ, தொடுவதற்குக் கையில் பணம் இராது. பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள இக்கட்டு இதுதான். 1890களின் இறுதியில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்தது. இங்கே செடியில் புழுவும் விழுந்தது. காப்பித் துரைமார் அப்போதுதான் ரிட்லியின் பக்கம் திரும்பினர்.

அதற்கு முன்பே திரும்பிய ஒருவர் மலாக்காவில் இருந்தார். அவர் பெயர் டான் சாய் யான். சிங்கப்பூரில் மருத்துவமனைக்குப் பெயர் தந்த டான் டோக் செங் என்னும் வள்ளலின் பேரன். 1896ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதை ஒட்டிய இளைஞராக இருந்தபோது, புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே என்பது வரலாறு. பின்னர் புக்கிட் ஆசகானில் மிகப் பெரிய அளவில் பயிரை விரித்தார்.

இங்கே சற்று நின்று நோக்குவோம். டான் சாய் யானின் துணிவைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நமக்கோ அவருடைய மரவள்ளிதான் முக்கியமாகத் தோன்றுகிறது. மலாக்காவில் இரப்பர் நட்டவர்கள் நிரைகளுக்கு இடையே மரவள்ளியையும் நட்டனர். மரவள்ளி ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் கிழங்கு தரும். ஆலையில் அரைத்து மாவாக்கி விற்ற பணம் களை எடுக்கும் ஆளுக்குக் கூலியாயிற்று. இரப்பர்க் கன்று நிழல் கட்டும்வரை பழைய பயிரே புதிய பயிரைத் தாங்கிற்று. பழையதை ஒரே நாளில் வீசி எறிந்துவிட்டுப் புதியதைத் தொட்டிருந்தால் அவர் நொடித்துப் போயிருக்கக்கூடும். பழையதையே கட்டிக்கொண்டு இருந்திருந்தால் லாலாங் புல்லோடு முடிந்திருப்பார். தொடக்கத்தில் நட்டது 40 ஏக்கர் என்பதையும் மறக்கலாகாது. தவறிப் போனாலும் தாங்கக்கூடிய அளவு அது.

அடுத்த பத்தாண்டுகளில் உலகம் மாறிற்று. மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு இரப்பர் தேவைப்பட்டது. பிரிட்டிஷ்காரர்கள் இலண்டனில் பங்குகள் விற்றுக் கம்பெனிகள் தொடங்கி, மலாயாவில் ஏற்கெனவே வளர்ந்து நின்ற தோட்டங்களை நல்ல விலை கொடுத்து வாங்கினர். புக்கிட் ஆசகான் தோட்டமும் அவ்வாறே கைமாறிற்று. முதலில் சிரித்தவர்கள் பிறகு அதிகப் பணம் கொடுத்தார்கள் என்பதைத் தவிர இதில் விளக்கத் தேவையில்லை.

1910ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டிற்று. அதுவரை காணாத விலை. அதே ஆண்டு அக்டோபரில், மலாக்கா நகரில், வில்லியம் சைம் என்னும் ஸ்காட்லாந்துக்காரரும் ஹென்றி டார்பி, ஹெர்பர்ட் டார்பி என்னும் சகோதரர்களும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினர். அதுதான் சைம் டார்பி. கையில் இருந்தது 500 ஏக்கர் அளவிலான இரப்பர். இன்று உலகறிந்த அந்தப் பெயர் மலாக்காவில் பிறந்தது என்பதை நம் பிள்ளைகளுள் பலர் அறியார். இலண்டன் பணம் மட்டுமன்றி மலாக்காச் சீனச் செல்வர்களின் துணையும் அதற்குக் கிட்டிற்று. பிற்காலத்தில் நாட்டின் பெருந்தலைவராக விளங்கிய துன் டான் செங் லோக் அதன் இயக்குநர்களுள் ஒருவராக இருந்தார். அவரும் மலாக்காக்காரர், இளமையில் இரப்பர்த் தோட்டத்தில் உதவி நிர்வாகியாகத் தொழில் பழகியவர்.

இத்தகைய முகவர் நிறுவனங்கள் எப்படி நடந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தின் சொந்தக்காரர்கள் இலண்டனில் இருக்கும் பங்குதாரர்கள். அவர்கள் சார்பில் தோட்டத்தை மேற்பார்வை பார்ப்பது, சாமான் வாங்குவது, இரப்பரை விற்பது எல்லாம் முகவர் நிறுவனம். அதற்குக் கீழே பெரிய துரை, சின்னத் துரை. பிறகு கிராணி, கண்டக்டர், கங்காணி. கடைசியில், விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுக்கும் நம் மக்கள். கட்டளை மேலிருந்து கீழே வர வழி இருந்தது. கீழே கண்டறிந்த செய்தி மேலே போக வழி இல்லை. ஒரு நிரையில் பட்டை அழுகுகிறது என்பதை முதலில் காண்பவர் பால் வெட்டும் பெண்ணே. ஆனால் அவர் சொல் கங்காணியோடு நின்றுவிடும். இந்த அமைப்பில் எவ்வளவு அறிவு வீணாயிற்று என்பதற்கு ஒருவரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

விலை ஏறிய வேகத்தில் இறங்கவும் செய்தது. முதல் உலகப் போருக்குப் பின் 1920, 1921ஆம் ஆண்டுகளில் இரப்பர் விலை படுத்துவிட்டது. 1922 முதல் ஸ்டீவன்சன் திட்டம் என்னும் பெயரில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்கப் பார்த்தது. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியா அதில் சேரவில்லை. இங்கே வெட்டாமல் விட்ட பாலுக்கு ஈடாக அங்கே சிறுதோட்டக்காரர்கள் புதிதாக நட்டுக் குவித்தனர். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆறாண்டுகள் பழைய விலையைக் காத்ததன் பயன், பக்கத்து வீட்டில் ஒரு போட்டியாளரை வளர்த்துவிட்டதுதான்.

அக்காலத்தில் சைம் டார்பி செய்த ஒன்று கவனிக்கத்தக்கது. 1929இல் அது சரவாக் டிரேடிங் கம்பெனியை வாங்கிற்று. அதன் வழியாகக் கேட்டர்பில்லர் இயந்திரங்களை விற்கும் உரிமை கைக்கு வந்தது. காடு அழிக்க, சாலை போட, மண் வெட்ட உதவும் இயந்திரங்கள் அவை. இரப்பர் விலை விழுந்தாலும் யாரேனும் சாலை போட்டுக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? டான் சாய் யான் நிரைகளுக்கு நடுவே மரவள்ளி நட்டதைப் போன்றதே இது. 1936இல் தலைமையகம் மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்குப் போயிற்று. ஊர்ப்பற்று உள்ள நமக்கு இதில் சிறு வருத்தம் உண்டு. கப்பலும் வங்கியும் எங்கே இருக்கின்றனவோ அங்கே நிறுவனம் போகும், வருத்தப்பட்டு ஆவதொன்றில்லை.

ஆனால் 1930களின் தொடக்கத்தில் நடந்ததை நினைத்தால் வருத்தம் அவ்வளவு எளிதில் ஆறாது. உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை இராத்தலுக்குச் சில பென்ஸ் என்று வீழ்ந்தது. தோட்டங்கள் மிக விரைந்து செயல்பட்டன. கூலியைக் குறைத்தன, ஆட்களைக் குறைத்தன. 1930 முதல் 1932 வரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கியபோது அவர்களிடம் என்ன இருந்திருக்கும்? நிறுவனங்களின் வரவு செலவுக் கணக்கைப் படித்தால் இதைத் திறமை என்றே சொல்லத் தோன்றும். புதிய பயிரைத் தேடுவதில் பத்தாண்டு தயங்கியவர்கள் ஆளைக் குறைப்பதில் பத்து நாள் தயங்கவில்லை. மாறும் திறம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதைக் கூறுகிறோம்.

இனிச் செம்பனைக்கு வருவோம். 1917இல் சிலாங்கூரிலுள்ள தென்னமாராம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபாக்கோனியே வணிக அளவில் செம்பனை நட்டார். இவர் தோட்டக்காரர் மட்டுமல்லர். மலாயா வாழ்வைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930இல் பிரான்ஸ் நாட்டின் கோன்கூர் பரிசு பெற்றவர். இரப்பர் நிறுவனங்கள் பல அப்போதும் காத்திருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா செயற்கை இரப்பரைப் பெருவாரியாகச் செய்யக் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான், 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும், பெரிய தோட்டங்கள் அணி அணியாகப் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டன. செம்பனை மூன்றாண்டு அளவில் காய்க்கத் தொடங்கும். காத்திருக்கும் காலம் பாதியாகக் குறைந்தது. 1956இல் தோன்றிய ஃபெல்டா என்னும் அரசாங்க நில மேம்பாட்டு வாரியமும் பின்னர் இப்பயிரில் பேரளவு இறங்கியது.

செம்பனை வரலாற்றில் நம் உள்ளத்தைக் கவர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பக்கத்து மாநிலமான ஜொகூரில் நடந்தது. இந்நாட்டுச் செம்பனையில் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குச் சரியாகச் சேரவில்லை. காற்றுதான் சேர்க்கிறது, மலாயாவில் அது போதவில்லை என்பது அறிஞர்களின் முடிவு. ஆகவே தொழிலாளர்கள், அவர்களுள் பெண்கள் பலர், மகரந்தத் தூளைக் கலந்து எடுத்துக்கொண்டு மரம் மரமாகச் சென்று பூவில் தெளித்தனர். இது ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை.

யூனிலீவர் என்னும் மாபெரும் நிறுவனத்தில் லெஸ்லி டேவிட்சன் என்பவர் பணியாற்றினார். 1950களில் மலாயாவிலிருந்து ஆப்பிரிக்காவிலுள்ள கேமரூன் நாட்டுக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே ஒருவரும் தூள் தெளிக்கவில்லை. ஆனால் குலைகள் நிறையக் காய்த்தன. பூக்களைச் சுற்றிச் சிறு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. இந்த வண்டுகள்தாம் மகரந்தத்தைக் கொண்டு போகின்றனவோ என்று அவர் கேட்டார். காற்றுதான் காரணம் என்ற பதிலே கிடைத்தது. நிறுவனத்தில் அவர் அப்போது இளநிலையில் இருந்தவர். கேள்வியை விட்டுவிடவில்லை, ஆனால் கேள்விக்கு வழி பிறக்க, அவரே மேல் பதவிக்கு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. 1970களில் தோட்டப் பிரிவின் தலைமையில் இடம் பெற்ற பிறகு, பாக்கிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் என்பவரைக் கேமரூனுக்கு அனுப்பி ஆராயச் செய்தார். வண்டுதான் என்று உறுதியாயிற்று. வேறு பயிர்களுக்குக் கேடு செய்யுமா என்று சோதித்துப் பார்த்து, அரசாங்கத்தின் இசைவும் பெற்று, 1981ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் குளுவாங்கை அடுத்த மாமோர் தோட்டத்தில் அந்த வண்டுகளைத் திறந்துவிட்டனர். குறுகிய காலத்தில் அவை தீபகற்பம் எங்கும் பரவின. காய்ப்பு பெருகிற்று. தூள் தெளிக்கும் வேலை அடியோடு நின்றது.

கண்ணால் பார்த்ததற்கும் காரியம் நடந்ததற்கும் இடையே ஏறத்தாழ கால் நூற்றாண்டு. நிறுவனத்தில் பணத்துக்குக் குறைவில்லை; அறிஞர்களுக்கும் குறைவில்லை. இளையவர் ஒருவர் கேட்ட கேள்வியைக் காது கொடுத்துக் கேட்கும் ஏற்பாடுதான் இல்லை. டேவிட்சன் இடையில் வேலையை விட்டுப் போயிருந்தால் அந்தக் கேள்வியும் அவரோடு போயிருக்கும். பெரட்டில் நிற்கும் பெண்ணின் சொல் கங்காணியோடு நின்றுபோன கதையை முன்னர்ச் சொன்னோம். துரைமார் மட்டத்திலும் அதே கதைதான்.

வண்டு வந்ததால் வேலை இழந்த பெண்களுக்கு என்ன ஏற்பாடு? இந்தக் கண்டுபிடிப்பைப் புகழும் கட்டுரைகளில் அதைப் பற்றிய பேச்சைக் காண்பது அரிது.

அதே 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் காலையில் இலண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் என்னும் மலேசிய அரசு நிறுவனம் கத்ரி கம்பெனியின் பெரும்பகுதிப் பங்குகளை வாங்கிவிட்டது. கத்ரி 1821இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட மிகப் பழைய நிறுவனம். நூற்றறுபது ஆண்டுப் பழமை ஒரு காலைப் பொழுதில் கைமாறியது. அசைவில்லாமல் உட்கார்ந்திருந்தோர் நாட்டின் அரசாங்கமே விரைந்து நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சைம் டார்பியில் இது முன்பே நடந்துவிட்டது. 1970களில் அந்நிறுவனத்தின் பிரிட்டிஷ் தலைமை நம்பிக்கை மோசடி வழக்கில் சிக்கிப் பெயர் கெட்டது. பெர்னாஸ் என்னும் மலேசிய அரசு நிறுவனம் பங்குகளை வாங்கி இயக்குநர் குழுவை மாற்றிற்று. 1970களின் பிற்பகுதியில் துன் டான் சியூ சின் அதன் தலைவரானார். மலாக்காவில் பிறந்தவர், பதினைந்து ஆண்டுகள் நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர், துன் டான் செங் லோக்கின் மகன். பிரிட்டிஷார் காலத்தில் தந்தை உறுப்பினராக அமர்ந்த மேசையில் மகன் தலைவராக அமர்ந்தார்.

உடைமை மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணியவர்கள் உண்டு. அப்படி ஆகவில்லை. 1990களில் சைம் டார்பி வங்கித் தொழிலில் இறங்கி, 1997, 1998 நிதி நெருக்கடியில் அடிபட்டு, அந்த வங்கியை விற்றுவிட்டு வெளியேறியது. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2010இல் அதன் எரிசக்திப் பிரிவு பெருநட்டம் கண்டது. தலைமை நிர்வாகி விலக நேர்ந்தது. புதியதைத் தொடுவது மட்டும் போதாது. டான் சாய் யான் தம் கைக்குத் தெரிந்த மண்ணில், 40 ஏக்கரில் தொடங்கினார். இவர்களோ தெரியாத தொழிலில் பேரளவில் இறங்கினர். 2017இல் தோட்டப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் இட்டனர். பத்தாண்டுக்கு முன் ஒன்று சேர்த்ததை மறுபடி பிரித்தது குறித்துச் சிலர் கேலி பேசினர். தவறென்று கண்டபின் திருத்திக்கொள்வதைக் குறை சொல்ல நாம் விரும்பவில்லை.

நிறுவனங்கள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்தபோது தோட்டத்து மக்கள் எவ்வாறு மாறினர்? 1950களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணை முறையில் பங்குப் பணம் கட்டினர். மறு ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிற்று. பால் வெட்டுவோர் சிறு தொகை சேர்த்துத் தோட்டம் வாங்குவதா என்று ஏளனம் செய்தவர்களும் இருந்தனர். ரிட்லியைச் சிரித்ததைப் போன்ற சிரிப்பு அது. நம் சமூகம் தொடங்கிய அமைப்புகளுள் காலமறிந்து செயல்பட்டது எது என்று கேட்டால் நாம் இதைத்தான் முதலில் சொல்வோம்.

ஆனாலும் எல்லாத் தோட்டங்களையும் சங்கம் வாங்கிவிட முடியுமா? பால்மரத்தில் ஒருவர் நாள்தோறும் நானூறு, ஐந்நூறு மரம் வெட்ட வேண்டும். செம்பனையிலோ ஒரே மரத்துக்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போனால் போதும். ஆகவே ஆள் தேவை பெரிதும் குறைந்தது. நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து தோட்டப் பள்ளியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், கடைசியாக எஞ்சியிருந்த பால்மரக் காட்டைச் சாய்க்கப் போவதாகப் பேச்சு எழுந்தது. இரண்டாம் வகுப்பில் மகனைச் சேர்த்திருந்த தாய் ஒருவர், கையில் பால் வாளியோடு வகுப்பறை வாசலில் வந்து நின்றார். "சார், மரத்தையெல்லாம் சாய்க்கப் போறாங்களாம். நாங்க வெளியே போயிட்டா இந்தப் பள்ளிக்கூடம் நிக்குமா?" என்று கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. தலைமையாசிரியரைக் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. தோட்ட அலுவலகத்தில் கேட்டபோது, மேலிடத்திலிருந்து கடிதம் வரவில்லை என்றார்கள். மரம் சாய்ந்த பின்னரும் அந்தக் கடிதம் வரவில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. கம்பெனி மரத்தைக் கணக்கிட்டது. சட்டம் பிள்ளையைக் கணக்கிட்டது. மரக்கணக்கு மாறும்போது பிள்ளைக் கணக்கும் மாறும் என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பால்மரம் ஏழாண்டு, செம்பனை மூன்றாண்டு என்று நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரியும். எந்த ஆண்டு எந்தக் காட்டைச் சாய்ப்பது என்ற அட்டவணை அலுவலகச் சுவரில் தொங்கியது. அதை மூன்றாண்டுக்கு முன்பே அந்தத் தாயிடம் சொல்லியிருந்தால், மகனை எங்கே சேர்ப்பது, தாம் என்ன வேலை பழகுவது என்று அவரும் திட்டமிட்டிருப்பார். அதற்கு ஒரு காசும் செலவாகியிருக்காது.

அவர் குடும்பம் மறு ஆண்டு மலாக்கா நகரை ஒட்டிய வீடமைப்புப் பகுதிக்குப் போயிற்று. அவர் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார் என்று கேள்வி. அந்தத் தாய் மாறிக்கொண்டார், தனியாக.

2024ஆம் ஆண்டு சைம் டார்பியின் தோட்ட நிறுவனம் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. தான் விழுங்கிய பழைய போட்டியாளரின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. மலாக்காவில் நம் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளிலோ இன்னும் தோட்டங்களின் பெயர்களே இருக்கின்றன. புக்கிட் லிந்தாங் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அவற்றுள் ஒன்று. 1896இல் முதல் கன்று ஊன்றப்பட்ட மலையின் பெயர் அது என்பதை, நாம் கேட்ட மாணவர்களுள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அடுத்த வாரம் அவர்களை அங்கே அழைத்துச் செல்வதாக இருக்கிறோம்.